பஷீர் பாய் அம்மாவுக்காகச் செய்த செட்

ஈயம் உருகும் வாசம், புது பிளைவுட் வாசம், கூடவே என் சட்டையில் ஒட்டி வந்த பஞ்சுத் தூசு... நெருப்பெரிச்சல் என்ற ஊரில் பஷீர் பாயின் ஒற்றை அறைக்குள் நுழைந்தால் முதலில் மூக்கில் ஏறுவது இதுதான்.

ஒரே பனியன் கம்பெனியில் அவர் கட்டிங் மாஸ்டர், நான் செக்கிங் சூப்பர்வைசர். திடீரென்று வேலையை விட்டுவிட்டு, தனி ஆளாக ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் செய்ய ஆரம்பித்தார்.

"முதல் செட் எனக்குத்தானுங்க பாய்" என்று வாய்விட்டுச் சொன்னவன் நான்.

அந்த ஞாயிறே பெருமாநல்லூரில் எங்கள் வீட்டுக்கு வந்து ஹாலை அளந்தார்.

"ஊட்ல பாட்டு யாருங்க அதிகம் கேப்பாங்க?"

"அம்மாதானுங்க. நிட்டிங் மெசின் சத்தத்துலயே நின்னு நின்னு காது மந்தமாயிருச்சு."

உடனே அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, போனில் பாட்டு வைத்தார்.

"கொரலு கேக்குது கண்ணு... என்ன வார்த்தைன்னுதான் புரியல" என்றார் அம்மா.

"பேஸ் அதிர்வைக் கொறைச்சு, கொரலை முன்னாடி கொண்டாந்தரலாங்கம்மா."

மூன்று வாரம் ஆனது. அதற்குள் கம்பெனியில் ஆளாளுக்குப் பேசினார்கள். வாரண்டி உண்டா, ரிப்பேர் ஆனால் எங்கே போவாய், பேர் இல்லாத பெட்டியையா ஹாலில் வைப்பாய்... பயந்துவிட்டேன். ஒரு சனிக்கிழமை ஷோரூமுக்குப் போய்ப் பெரிய கம்பெனி செட்டை வாங்கி வந்தேன். பாய்க்கு ஒரு போன் செய்திருக்கலாம்.

செய்யவில்லை.

மறுநாள் அவரே வந்தார். வண்டிக்குப் பின்னால் கயிறு போட்டுக் கட்டிய இரண்டு பெட்டிகள். வாசலில் நின்றபடியே ஹாலைப் பார்த்தார்.

"நல்ல கம்பெனிதானுங்க... சர்வீஸெல்லாம் கிடைக்கும்."

அம்மா டீ குடிக்கக் கூப்பிட்டார். "இன்னொரு எடத்துக்குப் போகோணுங்கம்மா" என்று கயிற்றை மறுபடி இறுக்கினார். நான் ஒரு கை கூடப் பிடிக்கவில்லை.

புது செட் சுவர் அதிரப் பாடியது. "என்ன சாமி பாடறான்?" என்று அம்மா கேட்பார். கொஞ்ச நாள் வரி வரியாகச் சொன்னேன். அப்புறம் சலித்து, "பாட்டுதாம்மா" என்றேன். அம்மா கேட்பதை விட்டுவிட்டார். பாட்டையும்தான்.

ரொம்ப நாள் கழித்து அவிநாசியில் பாயைப் பார்த்தேன். வேறொரு கம்பெனியில் திரும்பவும் கட்டிங் மாஸ்டர்.

"அம்மா பாட்டெல்லாம் கேக்கறாங்களாங்க?"

"கேக்கறாங்க பாய்" என்று பொய் சொன்னேன். தயங்கித் தயங்கி அந்த செட்டைப் பற்றி விசாரித்தேன்.

"பிரிச்சுப் போட்டுட்டேனுங்க. அம்மா காதுக்குன்னே செஞ்சது... வேற யாருக்கும் ஒத்து வரல."

இப்போது அம்மா இல்லை. வீட்டில் ஆளுக்கொரு ஹெட்செட், ஹாலில் யாரும் பாட்டே வைப்பதில்லை. அன்றைக்கு அந்த ஹாலில் இரண்டு செட்டுக்கும் தாராளமாக இடம் இருந்தது... "அதையும் கொண்டாங்க பாய்" என்று கூப்பிடத்தான் எனக்கு வாய் வரவில்லை.