கடற்கரைக்குப் போன ஸ்வெட்டர்

போன மார்கழியில் பெரியம்மா மகள் பாம்பனிலிருந்து பெங்களூர் ஈஜிபுராவில் இருக்கும் என் வீட்டுக்கு வந்திருந்தாள். காபியைக் குடித்து முடித்ததும் துணிப்பையின் அடியில் கையை விட்டு ஒரு பொட்டலத்தை எடுத்தாள். பழைய வேட்டித் துண்டைப் பிரித்தால், உள்ளே ஒரு குழந்தை ஸ்வெட்டர். பாசிப்பச்சை நிறம், இடது கை முடியும் இடத்தில் மட்டும் நாலு விரல் அகலத்துக்குக் காப்பிப்பொடி நிறம். எழுபது வயதைத் தாண்டியவளுக்கு ஒரு குழந்தைச் சட்டையைப் பார்த்து வயிறு எரியுமா என்று கேட்காதீர்கள். எரிந்தது.

அதைப் பின்னியது என் அம்மா. கன்டோன்மென்ட்டில் ஒரு துரைசானி வீட்டில் பிள்ளை பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தபோது ஊசி பிடிக்கக் கற்றுக்கொண்டாளாம். சீமைக்குக் கப்பலேறும்போது அந்த அம்மாள் விட்டுச்சென்ற ஒரு பழைய ஸ்வெட்டரைப் பிரித்து, நூலை வெந்நீரில் அலசிக் காயவைத்து, எனக்கென்று பின்னினாள். கடைசியில் பச்சை தீர்ந்துபோனதால் வேறு நூலைச் சேர்த்து ஒப்பேற்றினாள். மர்பி டவுனில் எங்கள் வீட்டைப் பொறுத்தவரை உலகத்தின் சகல வியாதிக்கும் காத்துதான் காரணம். தலைவலியா, காத்து. வயிற்றுவலியா, அதுவும் காத்து. பொழுது சாய்ந்தால் காதில் பஞ்சு, தலையில் குல்லா. இது எங்கள் வீட்டுப் பைத்தியம் மட்டுமல்ல, தெருவே அப்படித்தான் இருந்தது.

பெரியப்பாவுக்குப் பாம்பனில் ரயில்வே வேலை. ஐம்பதுகளில் ஒரு கோடை விடுமுறைக்கு அப்பா, அம்மா, நான், மூன்று வயதுத் தம்பி எல்லாரும் அங்கே கிளம்பினோம். பாம்பன் தீவு, நாலு பக்கமும் கடல், காற்று பிய்த்துக்கொண்டு போகும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அம்மா கணக்குப் போட்டாள். "ஒரு பக்கம் காத்தடிக்கிற பெங்களூர்லயே இந்தக் குளிரு. நாலு பக்கமும் காத்துன்னா என்னாத்துக்கு ஆகும்?" கொளுத்துகிற மே மாதத்தில், எங்கள் பெட்டியில் முதலில் ஏறியவை ஸ்வெட்டரும் மப்ளரும்தான். அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். "சும்னே இருங்க" என்று கன்னடம் கலந்து அடக்கிவிட்டாள். கோபம் வந்தால் அம்மாவுக்குக் கன்னடம்தான் கைகொடுக்கும்.

பெரியம்மா கைக்குழந்தைக்காரி. பெரியப்பாவுக்கு டியூட்டி. ஆகவே எங்களைக் கூட்டிக்கொண்டுபோய்க் கடல் காட்டும் பொறுப்பு மூத்த மகளான இவள்மேல் விழுந்தது. என்னைவிடச் சில மாதம்தான் பெரியவள், ஆனாலும் அக்கா என்றுதான் கூப்பிட வேண்டுமாம். காலை வண்டியில் ராமேஸ்வரம் போய் இறங்கி, கட்டுச்சோற்றுத் தூக்கோடு கரையோரமாக நடந்தோம். கழுத்துவரை பொத்தான் போட்ட கம்பளியில் நான், காதைச் சுற்றி மப்ளரோடு தம்பி. மெல்லிசுப் பாவாடை சட்டையில் முன்னால் ஓடிய அக்கா திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "என்ன சித்தி, இவளுக்குக் காச்சலா?" வலை பின்னிக்கொண்டிருந்த ஆட்கள்கூடச் சிரித்தார்கள். அந்த நிமிஷத்தில் ஆரம்பித்தது எனக்கு வயிற்றெரிச்சல்.

அமைதியாகக் கிடக்கிற கடலைப் பெண் கடல் என்றும், அந்தப் பக்கம் அலையடிக்கிறதை ஆண் கடல் என்றும் அவள் சொல்லச் சொல்ல, அப்பா வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். மில்லிலிருந்து வந்தால் வீட்டில் நாலு வார்த்தை பேசாத மனிதர். கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிவிட்டு அவள் பின்னாலேயே தண்ணீரில் இறங்கினார். "சித்தப்பா, இந்தா பாருங்க, கடல் அட்டை! தொட்டுப் பாருங்க, ஒண்ணும் செய்யாது." பாறைக் குழிகளில் தேங்கிய தண்ணீரில் நட்சத்திர மீன், சங்குக்குள் குடித்தனம் நடத்தும் நண்டு, ஒவ்வொன்றையும் அவள் எடுத்துக் காட்ட, அப்பா "அடி கெட்டிக்காரி!" என்றார். என்னை ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. தம்பி அழுது புரண்டு மப்ளரைக் கழற்றி எறிந்துவிட்டு அப்பா தோளில் ஏறிக்கொண்டான். நான் சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை. "தண்ணில கால வெக்காதே, நெஞ்சுல சளி கட்டிக்கும்" என்று அம்மா சொன்னதற்காக, ஓலைக் கொட்டகை நிழலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து வியர்வையில் ஊறிக்கொண்டிருந்தேன். முதுகெல்லாம் வேர்க்குரு. அவ எங்கப்பாவை எடுத்துக்கிட்டா, எடுத்துக்கிட்டா என்று மனசு அடித்துக்கொண்டது. அந்தக் கடல் அட்டை அவளைக் கடிக்கட்டும் என்று ராமநாதசாமியை வேண்டிக்கொண்டேன்.

சாயங்காலம் கிளம்புகிற நேரத்தில் பாறையில் கால் வழுக்கி அக்கா தண்ணீரில் விழுந்தாள். தலையோடு கால் நனைந்து வந்து அம்மா முன்னால் நின்றாள். உதடு துடிக்க, பல் கிட்டிக்க, அப்படி ஒரு நடுக்கம். "ஐயோ, பொண்ணு வெறைச்சுப் போச்சே!" என்று அலறிய அம்மா, என்னை இழுத்து ஸ்வெட்டரை உருவி, முந்தானையால் அவள் தலையைத் துவட்டி, அதை அவளுக்கு மாட்டிவிட்டாள். பொத்தானை ஒவ்வொன்றாகப் போட்டு, மடியில் உட்கார்த்தி, முதுகைத் தேய்த்துவிட்டாள். காலையிலிருந்து எதைக் கழற்றி எறிய வேண்டும் என்று தவித்தேனோ, அது அவள் உடம்பில் ஏறியதும் அத்தனை அழகாகிவிட்டது. சரி, இப்போதாவது கடலில் கால் நனைப்போம் என்று ஓடினேன். "வண்டிக்கு நேரமாச்சு, வா" என்று அப்பா கையைப் பிடித்து இழுத்துவிட்டார்.

தீவுக்குப் போய்க் கால் நனையாமல் திரும்பியவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஊருக்குக் கிளம்பும்போது அக்கா ஸ்வெட்டரைக் கழற்றவே இல்லை. "இருக்கட்டும் விடு, உனக்கு வேற பின்னித் தரேன்" என்றாள் அம்மா. நூலும் கிடைக்கவில்லை, அப்புறம் அம்மாவுக்குக் கண்ணும் சரியில்லை. அவள் போய்ச் சேர்ந்தபிறகு தேடிப் பார்த்தேன். அவள் கையால் பின்னியது என்று சொல்லிக்கொள்ள என் வீட்டில் ஒரு முழம் நூல்கூட இல்லை.

இத்தனையும் நெஞ்சில் வைத்துக்கொண்டுதான் கட்டிலில் கிடந்த ஸ்வெட்டரைத் தடவினேன். "நீ அன்னிக்கு விழுந்ததால அம்மா பதறிட்டா" என்றேன். அக்கா பொக்கை வாயைத் திறந்து சிரித்தாள்.

"அடி போடி பைத்தியக்காரி. மே மாசத்துல ராமேஸ்வரத்துல எவளுக்குடி குளிரும்?"

இத்தனை வருஷத்தில் எங்கள் வீட்டில் ஒருத்தருக்கும் இது தோன்றவில்லை. காற்றடித்தால் குளிரும் என்று நம்பிய ஜனம், நடுங்குகிறாள் என்றால் நடுங்குகிறாள்தான். அக்கா ஸ்வெட்டரை எடுத்து மடித்தாள். "எனக்குக் கீழ நாலு பேரு. எங்கம்மா என்னைத் தொட்டுத் தல துவட்டுனது ஞாபகமே இல்ல. ஒன்ன சித்தி நாள் முச்சூடும் பாத்துக்கிட்டே இருந்தாங்க. எனக்குப் பொறுக்கல, விழுந்தேன்."

"அப்ப அதை எங்கிட்ட குடுத்துட்டுப் போ."

"மாட்டேன். சித்தி எனக்குப் போட்டுவிட்டது."

எழுபது வயதுக் கிழவிகள் இரண்டு பேர் ஒரு குழந்தைச் சட்டைக்கு முறைத்துக்கொண்டு நின்றோம். அது மறுபடியும் வேட்டித் துண்டுக்குள் போய், பையின் அடிக்குப் போனது. மறுநாள் காலை ஊருக்குக் கிளம்பி வாசலில் வந்து நின்றவள் தோளைக் குறுக்கிக்கொண்டு, "யாத்தி, இப்ப நெசமாவே குளுருதுடி" என்றாள். உதடு துடித்தது. நிஜமா, நடிப்பா, யார் கண்டது? என் கை என்னைக் கேட்காமல் போர்த்தியிருந்த சால்வையை உருவி அவளுக்குப் போர்த்தி, கழுத்தோரம் செருகிவிட்டது.

ஆட்டோ தெருமுனை திரும்பும்வரை நின்றேன். அம்மாவின் ஸ்வெட்டர் அவள் பையில், என் சால்வை அவள் தோளில். எனக்குத்தான் குளிரெடுத்தது.