பலகையில் படுத்த சாவகாசம்

ஆண்டவன் ஒவ்வொருவருக்கும் ஒரு வேகத்தைக் கொடுத்துத்தான் பூமிக்கு அனுப்புகிறான். இந்த மெக்கானிக்குக்குக் கொடுக்கிற நேரத்தில் அவனுக்கே கொட்டாவி வந்துவிட்டது போலிருக்கிறது. அவர் சட்டைப் பொத்தான் போட ஆரம்பித்தால், கடைசிப் பொத்தானுக்கு வருவதற்குள் மனைவி குளித்து, சமைத்து, டிபன் கட்டி, செருப்பும் மாட்டிவிடுவார். வேலையில் குறை சொல்ல முடியாது. அவர் முறுக்கிய நட்டு முறுக்கியதுதான். ஆனால் எப்போது முடியும் என்று கேட்டால், "சாவகாசமா வாங்களேன்" என்பார். அதுவே பேராக ஒட்டிக்கொண்டது. ஒர்க்‌ஷாப்பில் சாவகாசம், டீக்கடையில் சாவகாசம், முடிவெட்டுகிற இடத்தில்கூடச் சாவகாசம்.

அவருக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. வருத்தமெல்லாம் மனைவிக்குத்தான். அந்த அம்மா பஸ் கண்டக்டர். இரண்டு நிறுத்தத்துக்குள் மொத்தக் கூட்டத்துக்கும் டிக்கெட் கிழித்துவிடுகிற கை. அப்படிப்பட்டவரை ஒரு நாள் பின்சீட்டிலிருந்து ஒருவன், "சாவகாசம் வீட்டம்மா, எனக்கு ஒரு டிக்கெட்" என்று கூப்பிட, பஸ்ஸே சிரித்தது.

அன்று வீட்டுக்கு வந்ததும் பையை வீசினார்.

"ஏங்க, உங்க ஒர்க்‌ஷாப்ல பலகைப் பந்தயம் விடுறாங்கல்ல, இந்தத் தடவை நீங்க ஓட்டுறீங்க. ஜெயிக்கிறீங்க."

"நானா?"

"நீங்கதான். ஊரே அந்தப் பேரைச் சொல்லுது. சொல்லாதவ நான் ஒருத்திதான். தோத்தீங்க, நானும் அப்படியே கூப்பிடுவேன். சொல்லிட்டேன்."

ஊர் சொன்னால் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டுவிடலாம். இவள் சொன்னால் அது நெஞ்சில் அல்லவா போய் உட்காரும்?

வண்டிக்கு அடியில் புகுந்து வேலை பார்க்க மெக்கானிக்குகளிடம் ஒரு பலகை உண்டு. மல்லாந்து படுக்கிற அளவு, கீழே ஆறு குட்டிச் சக்கரங்கள். அந்த ஒர்க்‌ஷாப்பில் கார்களை மாடிக்கு ஏற்ற ஒரு சாய்தளம் இருந்தது. விடுமுறை நாளில் நாலு பேர் மாடியில் பலகையைப் போட்டுப் படுப்பார்கள். கால் முன்னால், தலை பின்னால், கை நெஞ்சின் மேல். விசில் ஊதியதும் சாய்தளத்தில் இறங்கி, முற்றத்தைத் தாண்டி, கேட்டருகே சாக்பீஸால் போட்ட கோட்டைத் தொட வேண்டும். திரும்பத் தோளைச் சாய்க்கலாம், நிறுத்தக் குதிகாலை ஊன்றலாம். போகிற வழி தெரியாது, வானம்தான் தெரியும். சக்கரத்தில் ஒரு சின்னக் கல் மாட்டினால் போதும், ஆள் ஒரு பக்கம், பலகை ஒரு பக்கம். பஞ்சர் ஒட்டுகிறவர் போன முறை முழங்கைத் தோலைத் தரையிலேயே விட்டுவிட்டு வந்தார். சீட் தைக்கிறவருக்கு முன்பல் ஒன்று குறைச்சல். கேட்டால் பிறவியிலேயே அப்படி என்பார்.

தொடர்ந்து ஜெயித்து வந்தவர் பெயின்டர். ஆள் ஒல்லி, வாய் மட்டும் பருமன். பந்தயத்தன்று மெக்கானிக் மாடியில் பலகையைப் போட்டதும் ஆரம்பித்தார்.

"என்னண்ணே, தூங்க வந்தீங்களா? தலகாணி கொண்டாரச் சொல்லவா?"

"இருக்கட்டும் தம்பி. வழியில தேவைப்பட்டாக் கேக்குறேன்."

கீழே கோட்டருகே மனைவி நின்றார். தான் போட்ட சபதத்தை அதற்குள் கூட்டம் முழுக்கச் சொல்லியிருந்தார். பந்தயத்தைத் தொடங்க ஊதியதுகூட அவருடைய கண்டக்டர் விசில்தான்.

மற்ற மூன்று பேரும் கிளம்பிவிட்டார்கள். மெக்கானிக் கண்ணை மூடிச் சாமியை வேண்டிக்கொண்டிருந்தார். வேண்டுதலைப் பாதியில் விடுகிற பழக்கம் அவருக்கு இல்லை. முழுதும் முடித்துவிட்டுத்தான் பலகையை உந்தினார். ஆனால் ஆண்டவன் வேகத்தில் குறைத்ததை எடையில் கொடுத்திருந்தான். சாய்தளம் அந்தக் கனத்தை வாங்கியதும் பலகை பறந்தது. பற்கள் தந்தி அடித்தன. மேகமெல்லாம் பின்னால் ஓடியது. சீட் தைக்கிறவர் போனார், பஞ்சர்க்காரர் போனார், "அண்ணே! அண்ணே!" என்ற பெயின்டரின் அலறலும் காதோரம் வந்து பின்னால் போயிற்று. வாழ்க்கையில் முதல்முறையாக மற்றவர்கள் தாமதமாக வந்துகொண்டிருந்தார்கள். அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

அந்த நேரம் பார்த்து, விடுமுறை என்று தெரியாத ஒரு வேன்காரர் கேட்டுக்குள் நுழைந்து, முற்றத்தின் குறுக்கே வண்டியை நிறுத்திவிட்டுக் குழாயடிக்குத் தண்ணீர் குடிக்கப் போனார். கூட்டம் கத்தியது. பின்னால் வந்தவர்கள் குதிகாலை ஊன்றினார்கள். மெக்கானிக் ஒன்றுமே செய்யவில்லை. சுகமாக வேனுக்கு அடியில் நுழைந்தார். அந்தப் பக்கம் வெளியே வந்தால் கோடு.

நெற்றியில் சொட்டென்று ஒரு துளி ஆயில் விழுந்தது.

அவர் நினைக்கக்கூட இல்லை. கை தானாக மேலே போய் வண்டியைப் பிடித்துக்கொண்டது. பலகை நின்றது.

"ஏங்க! நிக்காதீங்க, வாங்க!"

"இரும்மா, நட்டு ஒண்ணு லூசா இருக்கு."

"பந்தயம்ங்க!"

"ஒரே நிமிஷம்."

சட்டைப் பையில் ஸ்பேனர் இல்லாமல் அவர் கல்யாண வீட்டுக்குக்கூடப் போனதில்லை. அவருடைய ஒரு நிமிஷம் எவ்வளவு நீளம் என்பதும் அங்கே எல்லோருக்கும் தெரியும். பெயின்டர் வேனைச் சுற்றிக்கொண்டு வந்து கோட்டைத் தொட்டார். அடுத்தது பஞ்சர்க்காரர். சீட் தைக்கிறவர் பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தே வந்து மூன்றாவது ஆனார். யாரும் ஆட்சேபிக்கவில்லை.

கைதட்டல் அடங்கியது. எல்லோரும் அந்த அம்மாவையே பார்த்தார்கள். வேனுக்கு அடியில் இருந்தவருக்கு அவருடைய செருப்பு மட்டும்தான் தெரிந்தது. அது விறுவிறுவென்று வந்து, சக்கரத்தருகே நின்றது. மெக்கானிக் கண்ணை இறுக்கிக்கொண்டார்.

"எவன்யா இந்த வண்டிய இங்க கொண்டாந்து நிறுத்துனது?"

நெரிசலான பஸ்ஸில் கடைசிப் படிவரை கேட்கிற குரல் அது. வேன்காரர் ஈரவாயோடு ஓடிவந்தார்.

"நான்தான்மா. ஆயில் ஒழுகுது, சாவகாசம் பாத்துக் குடுப்பாருன்னு..."

"யாரு பாத்துக் குடுப்பாரு?"

"சாவகா..."

"மெக்கானிக்னு சொல்லுங்க! ஜெயிக்கிற பந்தயத்தை விட்டுட்டு உங்க வண்டிக்கடியில கெடக்குறாரு மனுஷன்."

"மெக்கானிக்" என்றார் வேன்காரர், ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை மாதிரி. பெயின்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அந்த அம்மா திரும்பியதும் மூடிக்கொண்டார்.

அடியில் நட்டு எப்போதோ இறுகிவிட்டது. ஆனாலும் அவர் ஸ்பேனரை எடுக்கவில்லை. இப்போது இந்தப் பூரித்த முகத்தோடு வெளியே போனால், தோற்றவன் என்று யார் நம்புவார்கள்?

இருவரும் வீட்டுக்கு நடந்தார்கள். தெருமுனையில் மனைவி மெல்லக் கேட்டார்.

"ஏங்க, கீழ எறங்குறப்ப எப்படி இருந்துச்சு?"

"மேகமெல்லாம் ஓடுச்சும்மா."

தெருவின் சரிவு வந்ததும் மனைவி நின்றார்.

"நாளைக்கு அந்தப் பலகைய எடுத்துட்டு வாங்க. நம்ம தெருச் சரிவுல, ஆளில்லாத நேரமாப் பாத்து, நானும் ஒரு தடவை படுத்துப் பாக்கணும்."

"அடிகிடி பட்டா?"

"கீழ நின்னு நீங்க புடிச்சுக்கங்க. ஆனா இப்பவே கெளம்பிருங்க, அப்பத்தான் நாளைக்கு அங்க இருப்பீங்க."