பின் சக்கரம் மட்டும் போதும் என்றேன்

இரண்டு வருடங்களுக்கு முன், ஐப்பசி மழைக்கு மூன்று வாரம் இருக்கும்போது, மேற்குத் தாம்பரத்தில் நடந்தது இது. இப்போது நினைத்தாலும் எனக்கு முதலில் வருவது வெட்கம். நிம்மதி அதற்குப் பிறகுதான்.

எங்கள் தொழில் தண்ணீர் இறைத்துக் கொடுப்பது. மழை நாளில் வீட்டுக்குள்ளோ, அபார்ட்மென்ட் கார் பார்க்கிங்கிலோ தண்ணீர் புகுந்தால் எங்களைக் கூப்பிடுவார்கள். பெரிய டீசல் பம்ப் ஒன்றை டிரெய்லரில் ஏற்றி, பழைய ஃபோர் வீல் ஜீப்பின் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போவோம். ஆரம்பித்தவர் என் கணவர். அவருக்கு முதுகில் ஆபரேஷன் ஆனதும், ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் பார்த்த வேலையை விட்டுவிட்டு நான் ஸ்டியரிங்கைப் பிடித்தேன். எனக்குக் குரல் கொஞ்சம் பெரிசு. சர்ச்சில் பாடுவதற்கு உதவியதைவிட, ஆட்களை அதட்டுவதற்குத்தான் அது அதிகம் உதவியிருக்கிறது.

முடிச்சூர் பக்கம், ஏரிக்கரையை ஒட்டிய பள்ளத்தில் ஒரு முதியோர் இல்லம் இருக்கிறது. அதை நடத்தும் அக்கா எனக்கு ரொம்ப நெருக்கம். எழுந்து நடக்க முடியாத பதினோரு பேர் அங்கே கீழ்த்தளத்தில் படுத்திருப்பார்கள். அதற்கு முந்தின வருட மழையில் அக்கா போன் செய்ததும் பம்ப்போடு கிளம்பினேன். ஏரிக்கரை மண் ஏற்றத்தில், நாலு சக்கரமும் சேர்ந்து இழுத்தும், ஜீப் திணறிப் பாதியில் நின்றுவிட்டது. கிளட்ச் கருகிய வாடை மூக்கில் ஏறியது. ரிவர்ஸில் இறங்கி, ஊரைச் சுற்றிக்கொண்டு நான் போய்ச் சேர்வதற்குள் கட்டில் உயரத்துக்குத் தண்ணீர் வந்துவிட்டது. அக்காவும் இரண்டு ஆயாக்களும் பதினோரு பேரையும் பெட்ஷீட்டில் வைத்து மாடிக்குத் தூக்கியிருந்தார்கள். தூக்கும்போது ஒரு அம்மா நழுவி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. அக்கா எனக்குத் தலை துவட்டத் துண்டு எடுத்துக் கொடுத்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலையாக இருந்திருக்கும்.

அடுத்த மழையில் அந்த ஏற்றத்தில் என் வண்டி நிற்கக் கூடாது. அந்த வருடம் முழுக்க என் மனதில் இருந்தது இது ஒன்றுதான்.

திருநீர்மலை போகிற ரோட்டில் ஒரு சின்ன ஒர்க் ஷாப். அங்கிருக்கும் மெக்கானிக்குக்கும் என் வயதுதான் இருக்கும். கை பேசும், வாய் பேசாது, அப்படி ஒரு ஆள். ஜீப்பைச் சுற்றி ஒரு முறை நடந்துவிட்டுச் சொன்னார்.

"தண்ணில போவணும்னு பெரிய டயரா மாத்திட்டீங்க மேடம். உள்ள கீற பல்லு அதே பழைய பல்லு. எப்டி இழுக்கும்?"

எனக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். இன்ஜினிலிருந்து வரும் ஷாஃப்ட் சுற்றினால்தான் சக்கரம் சுற்றும். நடுவில் அச்சுக்குள்ளே இரண்டு பல் சக்கரங்கள் இருக்கின்றன. அதை கிரவுன் பினியன் என்கிறார்கள். என் ஜீப்பில் சக்கரம் ஒரு சுற்று சுற்ற, ஷாஃப்ட் நாலேகால் சுற்று சுற்றியது. அந்த எண் கூடக் கூட வண்டிக்கு இழுவை கூடும், வேகம் குறையும். டயர் பெரிதானதால் என் வண்டிக்கு இருந்த இழுவையும் குறைந்து போயிருந்தது.

"ரெண்டு மாதிரி செட்டு கீது மேடம். அஞ்சுக்குக் கொஞ்சம் கம்மியா ஒண்ணு. அத்தப் போட்டா கேளம்பாக்கம் வரைக்கும் ஜம்முனு ஓட்டிகினு போலாம், இழுவையும் சுமாரா இருக்கும். இன்னொண்ணு அஞ்சேகாலுக்கு மேல. நல்லா இழுக்கும். ஆனா அறுவதத் தாண்டுனா வண்டி கத்தும்."

"கத்தட்டும். நானும்தான் கத்தறேன். நான் என்ன பீச் ரோட்ல டூரா போறேன்? ஏத்தம் ஏறணும், அவ்ளோதான்" என்றேன்.

அந்த முடிவு சரியான முடிவுதான். அதற்கு அடுத்து செய்ததுதான் கோளாறு.

பழைய வண்டிச் சாமான் விற்கும் புதுப்பேட்டையில் தேடியதில் அந்த எண்ணில் ஒரே ஒரு செட்தான் கிடைத்தது. முன் அச்சுக்கு இன்னொன்று வர இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். டிவியில் தினமும் மழைச் செய்தி. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இருப்பதைப் பின் அச்சில் போட்டுவிடுங்கள் என்றேன்.

"மேடம், முன்னாடியும்..." என்று ஆரம்பித்தார்.

"டிரெய்லரை இழுக்கறது பின் சக்கரம்தானே? அதுக்கு மட்டும் போடு, போதும். நாலு வருஷமா இந்த வண்டியை ஓட்டறேன், எனக்குத் தெரியாதா? வேலையைப் பாருப்பா."

அவர் வேலையைப் பார்த்தார். கஸ்டமர் ஒன்று சொல்லிவிட்டால், அதுவும் ஒரு மேடம் குரலை உயர்த்திச் சொல்லிவிட்டால், நம் பக்கத்தில் யாரும் மறுத்துப் பேசுவதில்லை. "சரி மேடம்" என்பார்கள். அந்த "சரி"க்கு ஒப்புக்கொண்டார்கள் என்று அர்த்தமில்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

ஒரு வாரம் தார் ரோட்டில் வெறும் பின் சக்கர ஓட்டத்தில் ஓட்டினேன். அடடா, என்ன இழுவை. டிரெய்லர் பின்னால் இருப்பதே தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வாசலில் நின்று பெருமையடித்துக்கொண்டேன். வீட்டில் கணவரிடம் அதே கதையை மூன்று முறை சொல்லியிருப்பேன்.

ஆயில் கசிகிறதா என்று பார்க்க மறுபடி ஒர்க் ஷாப்புக்குப் போனேன். நாளைக்கு டிரெய்லரோடு ஏரிக்கரை ஏற்றத்தில் ஃபோர் வீல் போட்டு ஏற்றிப் பார்க்கப் போகிறேன் என்றேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்து முடித்தும் துடைத்தார்.

"மேடம், ஃபோர் வீல் மட்டும் போடாதீங்க."

"ஏன்?"

"பின்னாடி ஒரு கணக்கு, முன்னாடி ஒரு கணக்கு. ரெண்டும் ஒண்ணா சுத்தாது. உள்ள சண்ட போட்டுகினு எதனா ஒண்ணு ஒடஞ்சிடும்."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டு இப்போது வந்து பயமுறுத்துகிறாரா என்று பொங்கிவிட்டேன். அவர் சொல்வது தப்பு என்று அங்கேயே காட்ட வேண்டும் எனக்கு. ஏறி உட்கார்ந்தேன், ஃபோர் வீல் லிவரைத் தள்ளினேன், கடை வாசலில் காய்ந்த தார் ரோட்டிலேயே வண்டியை எடுத்தேன். பத்தடி போயிருக்காது. யாரோ பின்னால் பிடித்து இழுப்பது போல வண்டி முரண்டு பிடித்தது. ஸ்டியரிங் கல்லாக இறுகியது. ஆக்சிலேட்டரை இன்னும் அழுத்தினேன், அதுதான் என் புத்தி. அடியில் படாரென்று ஒரு சத்தம். முன் ஷாஃப்ட்டின் ஜாயின்ட் உடைந்து தொங்கியது.

டீக்கடையில் நின்றவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். மெக்கானிக் மட்டும் என் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து வண்டிக்கு அடியில் போய்விட்டார்.

பிறகு முன்னும் பின்னும் ஜாக்கி வைத்து நாலு சக்கரத்தையும் தூக்கினார். சக்கரத்திலும் ஷாஃப்ட்டிலும் சாக்பீஸால் கோடு போட்டார். "நீங்களே எண்ணுங்க மேடம்" என்றார். பின் சக்கரங்கள் இரண்டையும் சேர்த்து ஒரு சுற்று சுற்ற, ஷாஃப்ட் ஐந்தேகாலைத் தாண்டியது. முன்னால் நாலேகாலோடு நின்றது. ரோட்டோரத்தில் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்து நானே இரண்டு முறை எண்ணினேன். இந்த வண்டியை ஏரிக்கரைச் சேற்றில் கொண்டு போய், மேலே ஏறும்போது லிவரைத் தள்ளியிருந்தால்? பாதி ஏற்றத்தில் ஒன்றரை டன் டிரெய்லரோடு உடைந்து நின்றிருப்பேன். கீழே பதினோரு பேர் காத்திருந்திருப்பார்கள்.

"அண்ணா, மன்னிச்சிருங்க" என்றேன். அவரை நான் அண்ணா என்றது அன்றுதான் முதல் முறை.

"அத வுடுங்க மேடம். செட்டு தேடலாம் வாங்க" என்றார்.

அடுத்த இரண்டு நாளும் நாங்கள் புதுப்பேட்டையை விடவில்லை. கடை கடையாக ஏறி இறங்கினோம். இல்லை என்று சொன்ன கடையிலேயே மறுபடி போய், பின்னால் கிடக்கும் குவியலைக் கிளறச் சொன்னேன். இந்த முறை என் குரல் நல்லதுக்குப் பயன்பட்டது. இரண்டாம் நாள் சாயங்காலம் துருப்பிடித்த ஒரு முன் அச்சுக்குள் எங்கள் எண்ணுள்ள செட் இருந்தது. அவர் பல்லை இரண்டு முறை எண்ணிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். கடையை மூடாமல் வேலை செய்து முன் அச்சையும் மாற்றி, உடைந்த ஜாயின்ட்டையும் போட்டுக் கொடுத்தார். திரும்பவும் சாக்பீஸ் கோடு. இரண்டு பக்கமும் ஒரே கணக்கு.

நாலாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. விட்டு விட்டுப் பெய்து, மறுநாள் காலை பத்தரைக்கு அக்கா போன் செய்தார். "வாசல் வரைக்கும் வந்துடுச்சு, வரியா?" உடனே டிரெய்லரை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

ஏரிக்கரை ஏற்றம் குழைந்த சேறாக இருந்தது. கீழேயே நிறுத்தி, லிவரைத் தள்ளி, முதல் கியரில் மெதுவாக விட்டேன். ஆக்சிலேட்டரை அவசரப்பட்டு அழுத்தவில்லை. வண்டி ஒரு சீராக உறுமிக்கொண்டு, நடக்கிற வேகத்தில், ஒரு இடத்திலும் நிற்காமல் மேலே ஏறியது. மறுபக்கம் இறங்கியபோது இல்லத்தின் இரண்டாவது படியில் தண்ணீர் இருந்தது. பம்ப் ஓட ஆரம்பித்தது. சாயங்காலம் நாலு மணி வரை ஓடியது. பதினோரு பேரில் ஒருவரைக்கூடக் கட்டிலை விட்டு அசைக்க வேண்டி வரவில்லை. மத்தியானம் அவரவர் கட்டிலிலேயே ரசம் சாதம் சாப்பிட்டார்கள்.

அங்கிருந்தே மெக்கானிக்குக்குப் போன் செய்து, ஏறிவிட்டது அண்ணா என்றேன். அந்தப் பக்கம் சிரித்தார். பிறகு கொஞ்சம் தயங்கிச் சொன்னார்.

"அன்னிக்கே கண்டிஷனா சொல்லிருக்கணும் மேடம். நீங்க சத்தம் போடுவீங்கனு வுட்டுட்டேன். அப்பால வூட்டுக்குப் போயி தூக்கமே வர்ல."

மழையில் நின்றபடியே அழுதுவிட்டேன். இன்றைக்கும் யாரிடம் வேலை கொடுத்தாலும், எனக்கு வேண்டியதைச் சொல்லிவிட்டு, "நான் சொன்னதுல எது தப்பு, சொல்லுங்க" என்று கேட்டு, அவர்கள் வாயைத் திறக்கும்வரை அங்கேயே நிற்கிறேன். விஷயம் தெரிந்த ஒருவர் என் குரலுக்குப் பயந்து சும்மா இருந்தால், அதன் பலனை அனுபவிக்கப் போவது எழுந்து ஓடக்கூட முடியாத யாரோ ஒருவர் என்று எனக்கு இப்போது தெரியும்.