அம்மாவின் பஃப் கை ஜாக்கெட்

அந்துருண்டை வாசம் எங்கே அடித்தாலும் இன்றைக்கும் எனக்கு அந்த ஒரு நாள்தான் நினைவுக்கு வரும். அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்று முத்தியால்பேட்டையில் எங்கள் வீடு முழுக்க அந்த வாசம்தான்.

எழுபதுகளின் நடுவில், 'பஃப் கை' ஜாக்கெட் திரும்பி வந்திருந்த நேரம் அது. அம்மாவின் கல்யாணக் காலத்தில் ஊரே போட்டுவிட்டு, பிறகு "ஐயே, பலூன் கை" என்று ஊரே கேலி செய்து கைவிட்டதை, பெரிய மார்க்கெட்டுக்குப் போகிற பெண்களெல்லாம் ஏதோ தாங்களே கண்டுபிடித்தது போல மாட்டிக்கொண்டு திரிந்தார்கள். அப்பா வேலை பார்த்த மில் மூடிக் கிடந்ததால் அவரிடம் புதுத் துணி கேட்க எங்களுக்கு வாய் வரவில்லை. அம்மா டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து தன் கல்யாணத்து அரக்குப் பட்டு ஜாக்கெட்டை எடுத்து, பக்கத்துத் தையலைப் பிரித்துத் தளர்த்தி அக்காவுக்குப் போட்டுவிட்டாள். அழகாகத்தான் இருந்தது; ஆனால் பட்டு இற்றுப் போயிருந்தது. "கையத் தூக்காதடி, மானம் போயிடும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். முன்பு வந்த ஓர் இடம், மில் மூடியதைக் கேட்டதும் பின்வாங்கியிருந்தது. இதுவும் தட்டிப் போய்விடுமோ என்று எங்களுக்கெல்லாம் உயிரே இல்லை.

கதிர்காமத்து 'சொல்தா' வீட்டார் வந்தார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் குடும்பத்தை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். அக்கா முழங்கையை இடுப்போடு ஒட்டிக்கொண்டு காபித் தட்டை நீட்டினாள். தப்பித்தோம் என்று மூச்சு விடுவதற்குள், "பெரியவங்கள விழுந்து கும்பிடும்மா" என்றார் மாப்பிள்ளையின் பெரியப்பா. பாவி மனுஷன்! அக்கா குனிந்து கையை நீட்டியபோது 'பர்ர்' என்ற சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்தாள்.

மாப்பிள்ளையின் தங்கை பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "பஃப் எவ்ளோ அழகா நிக்குது! மாதிரிக்கு இந்த ஜாக்கெட்டக் குடுங்க அண்ணி, எங்க டைலர்கிட்ட காட்டிட்டுத் தந்துடறேன்."

'அண்ணி' என்றது கூட அம்மா காதில் விழவில்லை, முகம் வெளிறிவிட்டது. அக்காதான் தலை நிமிராமல் சொன்னாள்: "இது எங்கம்மா கல்யாணத்து ஜாக்கெட்டுங்க. இப்பதான் கிழிஞ்சிடுச்சி."

மாப்பிள்ளையின் அம்மா எழுந்து வந்து, முந்தானையை விலக்கிக் கிழிசலைப் பார்த்தார்.

"என்கிட்டயும் இப்படியே ஒண்ணு இருந்திச்சி. பழசுதானேன்னு பாத்திரக்காரன்கிட்ட பிளாஸ்டிக் பக்கெட்டுக்குப் போட்டுத் தொலைச்சேன். இப்ப இவ, பஃப் கை வேணும்னு என் உயிர எடுக்கறா" என்றவர், மகளிடம் திரும்பி, "பூவ வச்சி விடுடி" என்றார்.

அவர்கள் தெருமுனை திரும்பிய பிறகுதான் அம்மா அழுதாள். அடுத்த வாரமே, "பயந்து செத்தது போதும்" என்று அந்த ஜாக்கெட்டைப் பாத்திரக்காரனிடம் போட்டு ஓர் எவர்சில்வர் தூக்கு வாங்கினாள்.

இன்று அம்மா இல்லை, மில் இல்லை. தூக்கு மட்டும் என் சமையலறையில் இருக்கிறது. போன மாதம் அக்காவின் பேத்தி, தன் நிச்சயதார்த்தத்துக்குத் தைத்த ஜாக்கெட்டைப் போட்டுக் காட்டினாள். பஃப் கை! பூ வைத்துப் பார்க்கக் கையை உயர்த்தினாள். அக்காவும் நானும் ஒரே குரலில் கத்தினோம்: "கையத் தூக்காதடி!"

"புதுத் துணிதானே ஆயா, ஏன் கத்தறீங்க?" என்று அவள் திகைத்தாள். அக்கா எழுந்து போய், அவள் அக்குள் தையலைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் வந்து உட்கார்ந்தாள்.