பட்டி அண்ணன் வாங்கிய வெள்ளிக்காசு

விபத்தில் நசுங்கிய கார்களைப் புதிதுபோல ஆக்குவதுதான் அவர் வேலை. தகட்டைத் தட்டி நிமிர்த்தி, பள்ளத்தில் பட்டி வைத்துத் தேய்த்து, பெயிண்ட் அடித்து வெளியே விட்டால், இடித்தவனே வந்து தேடினாலும் இடித்த இடம் கிடைக்காது. பட்டறையில் எல்லோருக்கும் அவர் பட்டி அண்ணன். இருபத்தாறு வருடமாக அவருடைய சொந்தப் பெயர் பயன்பட்டது வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் மட்டும்தான்.

போன வருடம் டாக்டர் அவருடைய எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "பெயிண்ட நீங்க விடணும். இல்லேன்னா அது உங்கள விடாது" என்றார். இரண்டு மாடி ஏறினாலே மூச்சு இரைத்தது. ஐம்பத்திரண்டு வயதில் வேறு எந்த வேலைக்குப் போவது என்று தவித்துக்கொண்டிருந்தபோது, போனில் ஒரு வீடியோ வந்தது. பழைய வெள்ளிக்காசுகளை வாங்கி விற்றே வீடு கட்டினேன் என்று அதில் ஒருவர் சிரித்தபடி சொன்னார். உட்கார்ந்த இடத்தில் வியாபாரம். புகை இல்லை, தின்னர் நெடி இல்லை. பட்டி அண்ணன் அதை மூன்று தடவை பார்த்தார்.

பட்டறை வேலையை விட்டு நின்று, மூன்று மாதம் விழுந்து விழுந்து படித்தார். வெள்ளியில் காந்தம் ஒட்டாது என்று தெரிந்துகொண்டு ஒரு காந்தம் வாங்கினார். சின்னத் தராசு ஒன்று வாங்கினார். வீட்டிலிருந்த காசையெல்லாம் மேசையில் சுண்டிச் சுண்டிச் சத்தம் கேட்டுப் பழகினார்.

"சத்தம் நல்லாத்தான் இருக்கு" என்றாள் மனைவி. "யாரு உங்களுக்குக் காது குத்தப்போறாங்கன்னுதான் தெரியல."

குத்தியவர், ஜெராக்ஸ் கடைக்கு மேலே மாடியறையில் பழங்காசு விற்கிறவர். ராஜா முகம் போட்ட ஒரு வெள்ளிக்காசை வெல்வெட் துணியில் வைத்து நீட்டினார். அந்த வருடத்தில் கொஞ்சமே அடித்த காசு.

"தரச்சான்று வாங்கின காசுன்னா நாலு மடங்கு வெல சார். இது சான்றுக்கே போகாதது. நீங்க அனுப்பி வாங்கிட்டா அந்த லாபம் உங்களுக்கு."

அப்படியானால் நீங்களே ஏன் அனுப்பவில்லை என்ற கேள்வி அண்ணனுக்கு அப்போது தோன்றவில்லை. இரண்டு வாரம் கழித்துக் குளிக்கும்போது தோன்றியது. அதற்குள் சேமிப்பில் பாதிக்குமேல் கொடுத்து வாங்கி, காந்தம், தராசு, சத்தம் மூன்றிலும் காசு தேறிவிட்டது என்று பூரித்து, சான்று தரும் நிறுவனத்துக்கு அனுப்பியும் விட்டிருந்தார்.

ஏழு வாரம் கழித்துக் காசு திரும்பி வந்தது. சான்று கிடைத்த காசைப்போல முத்திரை வைத்த கண்ணாடிப் பெட்டியில் வரவில்லை. காகித உறையில், ஒரு சீட்டோடு வந்தது. 'வெள்ளி அசல். காசும் அசல். விளிம்பருகே இருந்த துளை அடைக்கப்பட்டு, எழுத்து மீண்டும் செதுக்கப்பட்டுள்ளது. தரம் வழங்க இயலாது.'

எப்போதோ யாரோ அதை ஓட்டை போட்டுக் கழுத்தில் மாட்டியிருக்கிறார்கள். அண்ணன் காசைச் சமையலறை ஜன்னலோரம் கொண்டுபோய், கார் பானட்டைப் பார்ப்பதுபோலத் தலையைச் சாய்த்துப் பார்த்தார். மிளகளவு வட்டம். சுற்றியிருந்த வெள்ளியைவிட அதன் பளபளப்பு கொஞ்சம் இளசு. மேலே ஓர் எழுத்தின் கால் மட்டும் தடிப்பு. அடைத்ததும் வெள்ளியே என்பதால் காந்தமும் தராசும் என்ன செய்யும்? காரென்றால் முதலில் அடி எங்கே என்று தேடுகிற கண், காசென்றதும் ராஜா முகத்தைப் பார்த்து மயங்கிவிட்டது.

"கொல்லன் தெருவுலயே ஊசி வித்துட்டுப் போயிருக்கான்!" என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். "ஊருக்கெல்லாம் ஒட்டுப்போட்டு அனுப்புற ஆளு, ஒட்டுப்போட்டத வாங்கிட்டு வந்து நிக்கிறாரு."

"வெந்த புண்ணுல வேலப் பாய்ச்சாத."

அவள் சிரிப்பு அடங்கிவிட்டது. "இப்ப என்னங்க, திரும்பவும் பெயிண்டுதானா?"

அண்ணன் மறுநாள் காலையில் மாடியேறி, மூச்சு வாங்க, காசைக் கடைக்காரர் முன்னால் வைத்தார்.

"துளை அடைச்சதுன்னு ஏன் சொல்லல?"

"இல்லேன்னு சொன்னேனா சார்? சான்றில்லாத காசுன்னா பாத்து வாங்குறதுதான். பில்லுல இருக்கே, உள்ளது உள்ளபடின்னு." இருந்தது, எறும்பு எழுத்தில். கடைக்காரர் காசைத் திருப்பிப் பார்த்தார். "எடம் தெரிஞ்சுதா உங்களுக்கு? லென்ஸ் இல்லாமலா? என்ன வேல பாக்குறீங்க?"

அண்ணன் சொன்னார். கடைக்காரர் முகம் மலர்ந்தது. இழுப்பறையைத் திறந்தார். உள்ளே நாற்பது ஐம்பது வெள்ளிக்காசுகள், எல்லாவற்றிலும் ஓட்டை.

"இத அடைக்க ஒரு கை தேடிட்டிருக்கேன். பழைய ஆளுக்குக் கண்ணு மங்கிப்போச்சு. உக்காந்த வேல. புகை கிடையாது. மாசச் சம்பளமாவே தரேன்."

அவர் இத்தனை மாதமாகத் தேடிய வேலை அப்படியே எதிரில் கிடந்தது. ஒன்றை எடுத்தார். கட்டைவிரல் தானாகவே துளையின் விளிம்பைத் தடவி, எவ்வளவு வெள்ளி பிடிக்கும் என்று அளந்தது. அந்த விரல்மேல் அவருக்கே எரிச்சல் வந்தது.

"வாங்குறவங்ககிட்ட அடைச்சதுன்னு சொல்வீங்களா?"

"கேட்டா சொல்வேன்."

"நான் கேக்கலையே."

"அதான் சொல்லல."

தான் மட்டும் என்ன யோக்கியம் என்றும் அவருக்குத் தோன்றியது. பட்டி வைத்த கார்களை அடுத்து யார் வாங்கினார்கள் என்று அவர் ஒருநாளும் விசாரித்ததில்லை. நியாயம் எந்தப் பக்கம் என்று பிடிபடவில்லை. ஆனால் இன்னொரு முட்டாள், மூன்று மாதம் படித்துவிட்டு, பையில் காந்தத்தோடு இந்தப் படியேறி வருவது மட்டும் கண்ணுக்குத் தெரிந்தது. ஓட்டைக்காசை இழுப்பறைக்குள் போட்டுவிட்டு, தன் காசை எடுத்துக்கொண்டு இறங்கினார். இறங்கும்போது வீடியோக்காரனைத் திட்டினார், கடைக்காரரைத் திட்டினார், மிச்சமிருந்த வசவையெல்லாம் தனக்கே வைத்துக்கொண்டார்.

நேராகப் பட்டறைக்குப் போனார்.

"ஸ்ப்ரே கன்ன இனி நான் தொடமாட்டேன்" என்றார் முதலாளியிடம். "தகடு தட்டுற வேல குடுங்க."

"தகடு தட்டுறவனுக்குப் பாதிச் சம்பளம்தான், தெரியுமில்ல? காசு வியாபாரத்துல ராஜாவாகப் போறேன்னீங்களே அண்ணே?"

"சுத்தியல் எங்க இருக்கு, அதச் சொல்லுங்க."

உள்வாங்கிய கதவோடு ஒரு வெள்ளைக் கார் நின்றது. கதவின் உட்பக்க அட்டையைக் கழற்றி, சுத்தியலை உள்ளே விட்டு ஓங்கி ஒரு போடு போட்டார். பள்ளம் நிமிர்ந்தும் அடங்காமல், தாண்டி, வெளிப்பக்கம் மேடாகப் புடைத்துக்கொண்டு நின்றது.

"பாத்து அண்ணே" என்றார் முதலாளி. "அது கஸ்டமர் கதவு."