போட்டோவுக்காகக் கரையேற்றிய வேளா

சித்தப்பாவுக்கு ஒரு தொப்பி கொடுத்தார்கள். நீலத் துணி, முன்பக்கம் ஒரு மீன் படம், அதற்குக் கீழே கடலின் காவலன் என்று இந்தியில் எழுத்து. வாங்கிய மறுநாளே லம்பா லைனிலிருந்து பஸ் ஏறி, கராச்சர்மாவில் இருந்த எங்கள் வீட்டுக்கு அதைக் காட்டவே வந்தார். உள்ளே நுழைந்தும் கழற்றவில்லை. சோறு போட்டு உட்கார வைத்தபோதும் அது தலையில்தான் இருந்தது. "ஏண்டா, அது என்ன தலையோட சேர்ந்து முளைச்சிருச்சா?" என்று அப்பா கேட்டார். சித்தப்பா கோபித்துக்கொள்ளவில்லை. "ஒங்களுக்கு யாருண்ணே குடுத்தா? முப்பது வருசம் கவர்மெண்டுக்குக் குப்பை கொட்டுனீங்க, ஒரு கர்ச்சீப்பாச்சும் குடுத்தானா?" என்று சொல்லிவிட்டு ரசம் கேட்டார்.

சித்தப்பா அப்பாவின் ஒரே தம்பி. அப்பா அரசாங்க வேலைக்காக இராமநாதபுரம் கடற்கரையிலிருந்து அந்தமானின் போர்ட் பிளேருக்கு வந்தவர். படிப்பு ஏறாத தம்பியைப் பின்னாலேயே கூட்டி வந்தார். வந்தவர் செய்யாத வேலை இல்லை. கடைசியில் பிறந்ததிலிருந்து தெரிந்த வேலைக்கே திரும்பி, ஒரு டிங்கி வாங்கினார். இங்கே சின்னப் படகை டிங்கி என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அதில் ஓர் எஞ்சினை மாட்டிக்கொண்டு வலை போட்டார். அவரை ஏதோ கடலைக் கரைத்துக் குடித்த மகான் என்று நினைத்துவிட வேண்டாம். அளந்து விடுவதில் மன்னன். அவர் பிடித்த மீன் எங்கள் வீட்டு வாசலுக்கு வரும்போது ஒரு முழம் இருந்தால், சாப்பிட்டு முடிப்பதற்குள் அது இரண்டு முழம் ஆகிவிடும். நாலு பேர் பார்க்க வேண்டும், கூப்பிட்டு உட்கார வைக்க வேண்டும், அதுதான் அவருடைய பலவீனம். அந்தப் பலவீனத்தைச் சரியாகக் கண்டுபிடித்துப் பிடித்துக்கொண்டவர் ஓர் அதிகாரி.

நான் ஊரில் ஒரு ஓட்டலில் விருந்து மண்டபங்களைக் கவனிக்கிற வேலையில் இருக்கிறேன். கல்யாணம், கம்பெனிக் கூட்டம், அரசாங்கப் பயிலரங்கு எல்லாம் என் கைவழியாகத்தான் நடக்கும். அழிந்துகொண்டிருக்கும் மீன்களைக் காப்பது பற்றிய முதல் பயிலரங்கும் எங்கள் மண்டபத்தில்தான் நடந்தது. உலக நாடுகள் கூடி ஓர் ஒப்பந்தம் போட்டிருக்கின்றன, சில மீன்களையும் அவற்றின் துடுப்பு, கொம்பு, தோல் எதையும் நாடு விட்டு நாடு விற்கக் கூடாது, அந்த வரிசையில் வேளா மீன் முதலில் நிற்கிறது என்று படம் போட்டுக் காட்டினார்கள். முகத்துக்கு முன்னால் இரண்டு பக்கமும் பல் வைத்த ரம்பம் நீட்டிக்கொண்டிருக்குமே, அந்த மீன். நம் நாட்டுச் சட்டத்தில் புலிக்கு என்ன காவலோ அதே காவல் அதற்கும் உண்டாம். சட்டத்தைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. நல்ல சட்டம், வேண்டிய சட்டம். மீனவர்கள் சார்பில் உட்கார வைத்த நாலைந்து பேரில் சித்தப்பாவும் ஒருவர். வலையில் விழுந்தால் வலையை அறுத்து விட்டுவிடுங்கள், உடனே எங்களுக்குத் தகவல் சொல்லுங்கள் என்றார் அந்த அதிகாரி. பிறகு தொப்பியை மாட்டிவிட்டுத் தன் சொந்த நம்பரையும் கொடுத்தார். சித்தப்பா காதில் விழுந்தது தகவல் சொல்லுங்கள் என்ற இரண்டாவது பாதி மட்டும்தான்.

அதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் ஊர்ப் பக்கம் அந்தக் காலத்தில் ஒருவர் வலையில் வேளா விழுந்தால் அது சாதாரண விஷயம் இல்லை. அந்தக் கொம்பு விற்பனைக்குப் போகாது. கடற்கரை அம்மன் கோயிலுக்குப் போகும். மேளம் வைத்து, பிடித்தவனுக்கு மாலை போட்டு, கொம்பைத் தோளில் சுமக்க வைத்து ஊர்வலமாகக் கூட்டிப் போவார்கள். சித்தப்பாவின் தாத்தா ஒருமுறை அப்படிச் சுமந்திருக்கிறார். அதைச் சொல்லிச் சொல்லியே சித்தப்பா வளர்ந்தவர். இங்கே கோயிலும் வேறு, கரையும் வேறு. ஆனால் தொப்பி மாட்டிவிட்டு, விழுந்தால் எனக்குச் சொல் என்று ஒரு பெரிய மனிதர் கேட்டுக்கொண்டபோது, சித்தப்பா அவரை அந்த அம்மன் இருந்த இடத்தில் வைத்துவிட்டார். கிறுக்குத்தனம்தான். எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாரும் இந்தக் கிறுக்குத்தனத்தைச் செய்திருக்க மாட்டார்கள்.

ஒரு நாள் காலையில் வேளா விழுந்தேவிட்டது. கொம்பு முழுக்க வலை சுற்றிக்கொண்டிருந்தது, ஆனால் உயிரோடு இருந்தது. சித்தப்பா கத்தியை எடுக்கவில்லை, போனை எடுத்தார். "சாப், ஆரா மச்லி மிலா, ஜிந்தா ஹை" என்று கத்தினாராம். ரம்ப மீன் கிடைத்திருக்கிறது, உயிரோடு இருக்கிறது என்று. கரைக்குக் கொண்டு வா, மேலிடத்துக்குக் காட்டப் போட்டோ வேண்டும் என்று அந்த அதிகாரி சொன்னார். அடுத்து எனக்குப் போன் வந்தது. "பாப்பா, ஒனக்கு இன்னைக்கு லீவுதான? ஓடியா. பேப்பர்காரன் வந்தா இங்கிலீசுல பேச ஆள் வேணும்." நான் போனபோது மீனைப் படகோடு சேர்த்துக் கட்டித் தண்ணீரிலேயே மிதக்க விட்டிருந்தார். செவுள் அசைந்துகொண்டிருந்தது. தொப்பியோடு இடுப்பளவு தண்ணீரில் நின்று, அதன் முதுகைத் தடவிக்கொண்டு, "பாரு, ராணி மாதிரி இருக்கா" என்றார்.

அதிகாரிக்கு மீட்டிங். வெயில் ஏறிய பிறகுதான் வந்தார். வந்ததும் தண்ணீருக்குள் இருந்தால் போட்டோவில் கொம்பு தெரியாது என்றார். மேலே ஏற்றச் சொன்னார். நாலு பேர் சேர்ந்து சிமெண்ட் சரிவில் இழுத்துப் போட்டார்கள். அவர் மீனுக்குப் பின்னால் உட்கார்ந்து ஒரு போட்டோ, கொம்பில் கை வைத்து ஒரு போட்டோ. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒன்று, மாட்டிக்கொண்டு ஒன்று. கூட வந்தவர்களும் ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டார்கள். "சாப், பானி மே சோடேகா க்யா?" என்று சித்தப்பா மெதுவாகக் கேட்டார். தண்ணீரில் விட்டுவிடலாமா என்று. ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம் என்றார்கள். அந்த நிமிஷத்துக்குள் அது வாயை இரண்டு முறை திறந்து மூடிவிட்டு அடங்கிப் போனது. செத்துப் போனதை முதலில் பார்த்தவர் சித்தப்பாதான். போட்டோ எடுத்தவர்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. நான் அங்கேயே நின்றேன். சீ என்று வாய்விட்டே சொன்னேன். யார் காதிலும் விழவில்லை.

போட்டோ வாட்ஸ்அப்பில் பறந்தது. மெயின்லேண்டில் யாரோ பார்த்துவிட்டு, சட்டம் காக்கிற மீனைக் கரைக்குக் கொண்டு வந்தது யார் என்று கேட்டிருக்கிறார்கள். அவ்வளவுதான். தகவல் கிடைத்து நேரில் சென்று கையும் களவுமாகப் பிடித்தேன் என்று அந்த அதிகாரி எழுதிக் கொடுத்தார். மீனோடு அவர் உட்கார்ந்திருந்த அந்தப் போட்டோவே அதற்குச் சாட்சி ஆகிவிட்டது. சித்தப்பா மேல் வழக்கு. டிங்கி, எஞ்சின், வலை எல்லாம் பறிமுதல். போனில் கூப்பிட்டதைச் சொன்னால், வேட்டைக்காரன் எவனாவது அதிகாரிக்குப் போன் போடுவானா என்று யாராவது யோசிக்க மாட்டார்களா? யோசிக்கவில்லை. கொம்பு எங்கே போனது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அம்மனுக்குப் போகவில்லை, அது மட்டும் நிச்சயம்.

டிங்கியை ஒரு அலுவலக வளாகத்தின் மதிலோரம் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். மழை, வெயில், மறுபடி மழை. வேலைக்குப் போகும் வழியில் பஸ்ஸிலிருந்து பார்த்தால் தெரியும். பலகைக்கு நடுவில் புல் முளைத்திருந்தது. சித்தப்பா சிப்பிகாட்டில் ஒரு தோட்டத்தில் கூலிக்குப் பாக்குப் பொறுக்கப் போனார். அளந்து விடுகிற ஆள் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்ததைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அதே நாட்களில் கருவாடு என்று பெயர் எழுதிய மூட்டைகள் கப்பல் ஏறிக்கொண்டுதான் இருந்தன. அதற்குள் சுறாத் துடுப்பு போகிறது என்று ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்த மூட்டையோடு எவனும் போட்டோ எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்த பயிலரங்குக்கு வெளிநாட்டிலிருந்து விருந்தாளிகள் வருவதாக முடிவானது. மண்டபம் பார்க்க வந்த அதே அதிகாரி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். சித்தப்பா எனக்கு உறவு என்று அவருக்குத் தெரியும். "மேடம், ஆப்கா சாச்சா கோ போலோ" என்று ஆரம்பித்தார். உங்கள் சித்தப்பாவிடம் சொல்லுங்கள் என்று. சித்தப்பா மேடையேறி, நான் முன்பு வேளாவை வேட்டையாடியவன், அதிகாரிகளால் திருந்தினேன், இப்போது கடலைக் காக்கிறேன் என்று பேச வேண்டும். பேசினால், டிங்கியைத் திருப்பிக் கொடுக்க ஆட்சேபம் இல்லை என்று கோர்ட்டில் சொல்லிவிடுவார்கள். நல்ல ஸ்டோரியாக இருக்கும் என்று சிரித்தார். அவர் முகத்திலேயே காறித் துப்ப வேண்டும் போல இருந்தது. நான் துப்பவில்லை, சித்தப்பாவிடம் போய்ச் சொன்னேன். எட்டி உதைப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் "டிங்கி வந்துருமா பாப்பா? நெசமா வந்துருமா?" என்று மட்டும் கேட்டார்.

பேசினார். வெள்ளைச் சட்டை போட்டு, புதிதாகக் கொடுத்த ஒரு சால்வையைப் போர்த்திக்கொண்டு பேசினார். செய்யாத பாவத்தையெல்லாம் செய்தேன் என்றார். கைதட்டல் மண்டபத்தை நிறைத்தது. அதிகாரி எழுந்து வந்து கட்டிப்பிடித்தார். அதற்கும் போட்டோ. பிறகு சாப்பாடு. உள்ளூர் ஸ்பெஷல் ஒன்று வேண்டும் என்று அந்த அதிகாரியே கேட்டு வாங்கிய சுறாப் புட்டு, பெரிய தட்டில் ஆவி பறக்க இருந்தது. சின்னச் சுறா, சட்டப்படி தப்பில்லை என்றார் அவர். அழிகிற சுறாக்களின் படத்தைத் திரையில் அப்படியே விட்டுவிட்டு, எல்லோரும் வரிசையில் நின்று எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். இரண்டாம் முறை கேட்டு வாங்கியவர்களும் உண்டு. பரிமாறும் ஆட்களை மேற்பார்வை பார்த்தபடி அங்கே நின்றேன். அன்றிலிருந்து நான் சுறாப் புட்டைத் தொடுவதில்லை.

அந்தக் கூட்டத்தில்தான் ஒரு வெளிநாட்டு அம்மாள் சித்தப்பாவைத் தேடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். நல்ல மனுஷிதான், அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆராய்ச்சிக்காரர். இதுவரை மொத்தம் எத்தனை வேளா பிடித்திருப்பீர்கள் என்று கேட்டார். நான் தமிழில் சொன்னேன். சித்தப்பா முதலில் அந்த அம்மாளைப் பார்த்தார். பிறகு தூரத்தில் தட்டோடு நின்ற அதிகாரியைப் பார்த்தார். கடைசியில் என் பக்கம் குனிந்து, "எத்தனைன்னு சொன்னா பாப்பா டிங்கியக் குடுப்பாங்க?" என்றார்.

உள்ளதைச் சொல்லுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவரே வாயில் வந்த ஒரு பெரிய எண்ணை இந்தியில் சொல்லிவிட்டார். உண்மையில் அவர் பிடித்தது ஒன்றே ஒன்று, அதையும் கொன்றவர்கள் வேறு ஆட்கள். பக்கத்தில் இருந்தவர் அதை இங்கிலீஷில் சொன்னதும் அந்த அம்மாளின் கண் கலங்கியது. சொன்னவரே அதைக் குறித்தும் கொண்டார்.

டிங்கி வந்தது. அடிப்பலகையை மாற்ற வேண்டியிருந்தது, எஞ்சினில் பாதியைக் காணவில்லை, ஆனாலும் வந்தது. சித்தப்பா மறுபடி கடலுக்குப் போகிறார். அளந்து விடுவதை மட்டும் விட்டுவிட்டார்.

போன வாரம் எங்கள் மண்டபத்தில் இன்னொரு பயிலரங்கு. பெரிய திரையில் வேளாவின் எண்ணிக்கையைக் காட்டும் ஒரு கோடு மேலிருந்து கீழே சரிந்து தரையைத் தொட்டது. மேலே இருந்த புள்ளியில் சித்தப்பா சொன்ன எண் நின்றது. ஒரு காலத்தில் ஒரே மீனவர் இத்தனை பிடித்த கடலில், இப்போது ஒன்றுகூடத் தகவல் இல்லை என்று வேதனையோடு பேசினார்கள். உலக மாநாட்டுக்கும் இதே படம்தான் போகப் போகிறதாம். நான் தண்ணீர் பாட்டில்களை அடுக்கிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

அன்று சாயங்காலமே லம்பா லைனுக்குப் போய் இதைச் சித்தப்பாவிடம் சொன்னேன். அவர் வலையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தார். பெரிய கிழிசல்.

"ஏன் இல்லாம? போன மாசங்கூட ஒண்ணு விழுந்துச்சே" என்றார்.

"ஐயோ! என்ன செஞ்சீங்க?"

"என்ன செய்ய? வலையோட அறுத்து விட்டுட்டேன். கொம்புல அம்புட்டும் சுத்திக் கெடந்துச்சு, அப்படியே போயிருச்சு."

"உசுரோட இருந்துச்சா சித்தப்பா?"

அவர் நிமிரவில்லை. "தெரியாது பாப்பா. நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்ல. பாத்தா சாட்சி ஆயிருவேன்ல."