டேப்பட் கேட்கிற காது

கம்பளித் தொப்பியின் இடது பக்கத்தை மடித்துக் காதுக்கு மேலே ஏற்றிவிட்டாள் என்றால், தெல்மா கார்பெட் எஞ்சினைக் கேட்கிறாள் என்று அர்த்தம். மனிதர்கள் பேசுவதற்கெல்லாம் அவள் தொப்பியை மடிப்பதில்லை. ஜூலை வெயிலிலும் அதே பச்சைத் தொப்பிதான். கிரீஸ் கறை பிடித்தது. உச்சியில் குஞ்சம் இருந்த இடத்தில் ஒற்றை நூல் ஆடும்.

வயது அறுபத்தெட்டு. பர்மிங்காமில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவள். சனிக்கிழமை காலையில் கராஜ் கதவைப் பாதி தூக்கிவிட்டு, கவிழ்த்த பால் கிரேட்டின் மேல் உட்கார்ந்து, தன் மோட்டார் சைக்கிளுக்கு டேப்பட் பார்ப்பாள், அதாவது எஞ்சின் வால்வுகளின் இடைவெளியைச் சரிசெய்வாள். ஐம்பத்தாறாம் வருஷத்து இரட்டை சிலிண்டர் வண்டி. பெயர் 'சீமாட்டி'. வெள்ளி சாயங்காலத்துக்குப் பிறகு யாரும் அதைக் கிளப்பக் கூடாது. எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். சூட்டில் அளந்தால் அளவு பொய் சொல்லும். ஒரு தடவை தபால்காரர் ஆசையாகக் கிக்கரை உதைத்துப் பார்த்துவிட்டார். "நீ கடுதாசிய மட்டும் போடு கண்ணு. இவ இனிமே ஆறி, நான் எப்ப பாக்குறது?" அன்றிலிருந்து அவர் கேட்டுக்கு வெளியிலிருந்தே கடிதத்தை நீட்டுகிறார்.

எஞ்சின் தலையில் வால்வுகளுக்கு மேலிருக்கும் நான்கு மூடிகளையும் கழற்றித் தேநீர்த் தட்டில் வைப்பாள். பிஸ்டனை மேலே கொண்டுவந்து நிறுத்துவாள். வால்வுத் தண்டுக்கும் திருகுக்கும் நடுவே மெல்லிய தகட்டைச் செருகி உருவுவாள். "வெண்ணெய்ப் பொட்டலத்துத் தாள உரிக்கிற மாதிரி வரணும். வழுக்கிட்டு வந்தா சத்தம். கவ்விக்கிட்டா நாசம்." கடைசியில் திருகை அசையாமல் பூட்டும் லாக் நட்டை இறுக்கும்போது திருகும் கூடவே சுற்றிக்கொள்ளும். அந்த இடத்தில் எல்லோரும் கெட்ட வார்த்தை சொல்வார்கள். தெல்மா பழைய டிப்போ மேனேஜரின் பெயரைச் சொல்வாள். அவளுக்கு இரண்டும் ஒன்றுதான். மூடியைப் பூட்டியதும் விளிம்பில் சிவப்பு நகப்பூச்சு ஒரு பொட்டு. யாராவது திறந்தால் பூச்சு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும்.

அடக்கம் என்பது கிடையாது. "இந்த ஊர்ல டேப்பட் வைக்கத் தெரிஞ்சவங்க ரெண்டு பேரு. இன்னொருத்தன் செத்துட்டான்."

எங்கள் மோட்டார் சைக்கிள் கிளப்பில் ஒரு பலகை உண்டு. ஓரம் கருகி அரித்துப்போன பழைய வால்வு ஒன்றை ஓக் பலகையில் அறைந்து வைத்திருக்கிறோம். வருஷாவருஷம் மே மாதம் வேல்ஸிலுள்ள பார்மத் கடற்கரைக்குக் கூட்டமாக வண்டியில் போவோம். ஒருவர் நின்றால் எல்லோரும் நிற்க வேண்டும், அது விதி. யாரால் கூட்டம் நின்றதோ, அவர் வீட்டு வரவேற்பறையில் அந்தப் பலகை ஒரு வருஷம் தொங்க வேண்டும், அதுவும் விதி. என் வீட்டில் இரண்டு தடவை தொங்கியிருக்கிறது. அது போகாத வீடு தெல்மா வீடு மட்டும்தான். கிறிஸ்துமஸ் விருந்துதோறும் இதை எங்களுக்கு நினைவூட்டுவாள், கேட்காவிட்டாலும்.

பயணத்தில் வழக்கமாக முன்னால் போகிறவளும் அவள்தான். இந்த வருஷம் கமிட்டி கூடி அதை மாற்றியது. வழியில் உள்ள கிராமங்களில் சத்தம் பற்றிப் புகாராம். செயலாளர் டெஸ்மண்ட் க்ளூலி குளிர்காலம் முழுக்கத் தன் வண்டியைப் பிரித்துக் கட்டி, சத்தமே இல்லாமல் கொண்டுவந்திருந்தான். அவனே முன்னால் போகட்டும் என்று கையைத் தூக்கினார்கள். நான் எத்தனையோ தொழிற்சாலை வாசலில் சங்க ஓட்டெடுப்புக்குக் கை எண்ணியவன். இப்படித் தரையைப் பார்த்துக்கொண்டே தூக்கிய கைகளை எங்கும் கண்டதில்லை.

பயணத்துக்கு முந்தின நாள் பப் வாசலில் டெஸ்மண்ட் வண்டியை ஓடவிட்டுக் காட்டினான்.

"கேட்டியா தெல்? தையல் மெஷின்! உன் வண்டில யாரோ கரண்டி டப்பாவக் குலுக்குறாங்க."

தெல்மா தொப்பியை மடித்துக் குனிந்தாள். "டேப்பட் சத்தமே இல்லையேடா டெஸ்."

"அதத்தான சொல்றேன்!"

"ரொம்ப இறுக்கிட்ட. சூடேறினா வால்வு முழுசா மூடாது. நெருப்பு அந்தச் சந்துல பூந்து வால்வத் தின்னுடும்."

"பொறாமை பேசுதும்மா."

"உன்கிட்டப் பொறாமைப்பட என்னடா இருக்கு, அந்த மீசையா?"

எல்லோரும் சிரித்தார்கள். பேச்சு அதோடு முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை நான் கடைசியில் உதவி வேன் ஓட்டிப்போனேன். வேல்ஸ் எல்லை தாண்டி, பெரிய ஏற்றத்துக்கு முன்னால் மல்விட் என்ற கிராமத்தில் தேநீருக்கு நிறுத்தினோம். கிளம்பும்போது டெஸ்மண்டின் வண்டி, ஆக்ஸிலரேட்டரை விட்டால் அணையப் பார்த்தது. கார்புரேட்டர் வழியாகத் தும்மியது. "பெட்ரோல் மோசம்" என்று ஆக்ஸிலரேட்டரை முறுக்கிக்கொண்டே நின்றான். எதிரே மலை. அந்த நிலையில் ஏற்றினால் வால்வு போகும், ஹெட்டும் போகும். அவனுடைய இன்னொரு குளிர்காலமும் போகும்.

தெல்மா கையில் பாதி பன். தொப்பி மடிந்தது. கொஞ்ச நேரம் கேட்டாள். பன்னை முழுங்கினாள்.

"யாரும் கிளம்பாதீங்க! சீமாட்டிக்கு டேப்பட் சரியில்ல. ஆறட்டும், பாக்கணும்."

ஒரு கணம் யாரும் நம்பவில்லை. பிறகு கூச்சல். "பலகை! பலகை!" டெஸ்மண்ட் ஹெல்மெட்டைத் தூக்கிப் போட்டுப் பிடித்தான். "தெல்மா கார்பெட் வண்டியா! தேதியக் குறிச்சு வைங்கப்பா!"

"சிரிங்கடா. தாடை சுளுக்கிக்கப் போகுது."

விதி விதிதான். எல்லா எஞ்சினும் அணைந்தது. கறி அடைத்துச் சுட்ட 'பை' வாங்கித் தின்றோம். சுவர்மேல் சீட்டாடினோம். இரண்டு பேர் புல்லில் படுத்துக் குறட்டை விட்டார்கள், ஆடுகள் வந்து முகர்ந்து பார்த்தன. தெல்மா எங்களுக்கு முதுகு காட்டிச் சீமாட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பானரைச் சத்தமாக உருட்டிக்கொண்டிருந்தாள். மதியம் நன்றாகச் சாய்ந்த பிறகு எழுந்து டெஸ்மண்டின் எஞ்சின்மேல் உள்ளங்கையை வைத்தாள். சுடவில்லை.

"ஸ்பானர் கையில இருக்கு. உன்னோடதையும் ஒரு பார்வை பாத்துடறேன்."

ஜெயித்தவனுக்குத் தாராள மனசு. "பாரு, பாரு. பாத்துக் கத்துக்கோ."

புகைபோகும் பக்கத்து வால்வில் தகடு நுழையவே இல்லை. தெல்மா திருகைத் தளர்த்தினாள், அளந்தாள், டிப்போ மேனேஜரை இரண்டு தடவை கூப்பிட்டாள், மூடினாள். கிளப்பியதும் டிக் டிக் என்று ஓடியது. டெஸ்மண்டின் முகம் சுருங்கியது.

"என்ன தெல், என் வண்டிலயும் கரண்டி டப்பாவா?"

"மலை ஏற அது வேணும். ஏறுடா."

ஏறினான். தும்மல் இல்லை. உச்சியில் அவன்தான் முதல்.

பார்மத் கடற்கரையில் பலகையைக் கொடுத்தார்கள். கைதட்டல், போட்டோ, வினிகர் ஊற்றிய மீனும் சிப்ஸும். டெஸ்மண்ட் நீளமாகப் பேசினான். பேசி முடித்துக் கிண்டலுக்காகச் சீமாட்டியின் முன்னால் மண்டியிட்டவன், எழுந்திருக்கவில்லை. நான்கு மூடிகளையும் ஒவ்வொன்றாக விரலால் தடவினான். நானும் எட்டிப் பார்த்தேன்.

தெல்மா கடற்சுவரில் பலகையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். தொப்பியின் இடது பக்கம் மடிந்திருந்தது. ஓடிக்கொண்டிருந்த டெஸ்மண்டின் எஞ்சினைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் பக்கத்தில் வந்து நின்று, மீசையை இழுத்துவிட்டு, மெதுவாக ஆரம்பித்தான்.

"தெல்... அந்தச் சிவப்புப் பூச்சு ஒண்ணுகூட உடையல. நீ உன் மூடியத் தொறக்கவே..."

தெல்மா தொப்பியைக் கீழே இழுத்து, இரண்டு காதையும் மூடிக்கொண்டாள்.